முட்டி உயரத்தில் ஒரு பிடி

எழுதிக் கொடுத்தா படிப்பாங்கன்னு நம்பினது என் தப்புதான். மூணு வருஷம், மூணு கடிதம். கீழே நிலவறை வாசல்ல ரப்பர் தரை போட்டாச்சு, இப்ப அந்தக் கதவு மூடாதுன்னு தெளிவா எழுதி, கையெழுத்துப் போட்டு, இல்க்கா தம்பி மேஜையில கொண்டுபோய் வெச்சேன். தம்பி எங்க கம்பெனியோட நிர்வாக இயக்குநர். வயசு அம்பத்தெட்டு. என்னைவிட அஞ்சு வயசு சின்னவர், அதனால எனக்குத் தம்பி. மூணு கடிதத்துக்கும் பதில் வரலை. மூணாவது கடிதத்து மேல காபிக் கோப்பை வெச்ச வட்டத்தை மட்டும் பார்த்தேன்.

கம்பெனி என்ன செய்யுதுன்னு சொன்னா உங்களுக்கே சிரிப்பு வரும். நிலவறைக் கதவு செய்யறோம். பின்லாந்துல பெரிய கட்டடம் எதுவானாலும் அடியில குண்டுக்குத் தாங்கற நிலவறை ஒண்ணு இருக்கணும், சட்டம் அப்படி. சண்டையில்லாத காலத்துல அதுல சைக்கிள், பனிச்சறுக்குக் கட்டை, கால் ஒடிஞ்ச நாற்காலி எல்லாம் கிடக்கும். எச்சரிக்கை வந்தா மூணு நாளைக்குள்ள காலி பண்ணிடணும். எங்க தலைமை ஆபீஸ் நிலவறையை மட்டும் இல்க்கா தம்பி ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உடற்பயிற்சிக் கூடமா மாத்தினார். அந்த நிலவறைக்குப் பொறுப்பாளர்னு கவர்ன்மென்ட் காகிதத்துல இருக்கற பேரு, ஆபீஸ்ல காபி ஊத்திப் பெருக்கற என்னுது, மார்கெத்தா. என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

தலைவர் ஆர்னோ முதலாளிக்கு வயசு எண்பத்திநாலு. நாற்காலியில உக்காந்து நாப்பத்தொரு வருஷம் ஆச்சு. தொண்ணூறுகள்ல ஐரோப்பா பூரா சமாதானம் வந்துடுச்சு, இனிமே சண்டையே கிடையாதுன்னு ஆளாளுக்கு நிலவறைக்குள்ள மண்ணைக் கொட்டி மூடினாங்க. சில ஊர்ல காளான் வளர்த்தாங்க. சொந்தக்காரங்க எல்லாரும் பட்டறையை மூடச் சொல்லி முதலாளி உயிரை எடுத்தாங்க. அவர் மூடலை. வருஷத்துக்குப் பன்னெண்டு கதவு, அதுவும் ஆஸ்பத்திரிக்கும் தண்ணி நிலையத்துக்கும். வெல்டிங் ஆளுங்க ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பலை. நூறு வருஷம் நிக்கற கதவைச் செய்யறவன் முப்பது வருஷம் பொறுக்க மாட்டானான்னு கேப்பார். அவர் முதுகுக்குப் பின்னாடி ஊரே சிரிச்சுது. நானும் கொஞ்சம் சிரிச்சிருக்கேன், இல்லேன்னு சொன்னா பொய்.

அப்புறம் கிழக்கே நிஜமாவே சண்டை வந்துச்சு. எஸ்தோனியா, போலந்து, ஜெர்மனின்னு ஒவ்வொரு நாடா ஃபோன் பண்ணி கதவு இருக்கா கதவு இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்ச சொந்தக்காரங்க சிரிப்பை நிறுத்திட்டாங்க. உடனே வித்துடலாம்னாங்க.

வாங்க வந்தது ஃபிராங்க்ஃபர்ட்ல இருக்கற ஒரு முதலீட்டு நிறுவனம். அவங்க சார்பா ஹென்ரிகேன்னு ஒரு அம்மா வருவாங்க, நாப்பது வயசு இருக்கும், சாம்பல் கலர் கோட்டு, ரொம்ப மரியாதை. தாங்கள் நீண்டகால முதலீட்டாளர்கள்னு வாய்க்கு வாய் சொல்வாங்க. எவ்வளவு நீண்ட காலம்னு முதலாளி கேட்டார். அஞ்சு வருஷம்னாங்க. நான் காபி ஊத்திக்கிட்டிருந்தேன். அஞ்சு வருஷத்துல நான் நட்ட ஊசியிலைக் கன்னு உங்க முழங்காலுக்குக் கூட வராதே அம்மான்னார் முதலாளி. அந்தம்மா அதையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

அவங்க ரெண்டு விஷயம் கேட்டாங்க. முதலாவது, கதவைச் சீக்கிரம் செஞ்சு முடிக்கணும். எங்க கதவுல மேல ஒரு பிடி, கீழ முட்டி உயரத்துல ஒரு பிடி. ரெண்டும் உள்ள ஒரே கம்பியில சேர்ந்திருக்கும். எதைத் திருப்பினாலும் கதவு பூட்டிக்கும். அந்தக் கீழ்ப்பிடியைச் சேர்க்கறதுக்கு மட்டும் ஒரு கதவுக்கு அரை நாள் ஆகும். உலகத்துல வேற யாரும் அப்படிச் செய்யறதில்லை. அதைத் தூக்கிடலாம்னாங்க. இல்க்கா தம்பி உடனே தலையாட்டினார். ரெண்டாவது, எழுபத்தஞ்சு வயசுக்கு மேல யாரும் தலைவரா இருக்கக் கூடாதுன்னு விதியை மாத்தணும். அதுக்குத் தம்பி இன்னும் வேகமா தலையாட்டினார்.

வர்ற வியாழக்கிழமை குடும்பக் கூட்டம். முப்பத்தொரு பங்குதாரர்கள், எல்லாரும் சொந்தம். விதியை மாத்த மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். தம்பிக்கு அம்மா கெர்த்து, முதலாளிக்கு அக்கா, எண்பத்தெட்டு வயசு. மூணுல ஒரு பங்குக்கு மேல அவங்க கையில. மகனுக்குத்தான் ஓட்டுன்னு அவங்க சொல்லிட்டதா ஊர்ப் பேச்சு. ஆனாலும் மாமனை ஓட்டுப் போட்டு விரட்டினதா இருக்க வேண்டாமேன்னு தம்பி யோசிச்சார். பழைய விதிப் புத்தகத்தைத் தூசி தட்டினார்.

அதுல முதலாளியோட அப்பா எழுதி வெச்ச வழக்கம் ஒண்ணு இருந்துச்சு. குடும்பக் கூட்டம் நிலவறையில நடக்கணும். கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி தலைவர் தன் கையாலயே கதவை உள்ள இருந்து இழுத்துப் பூட்டணும். முடியாதவர் நாற்காலியை விட்டுடணும். உடற்பயிற்சிக் கூடம் வந்ததுல இருந்து கூட்டம் ஏரிக்கரை ஓட்டலுக்குப் போயிடுச்சு, வழக்கமும் மறந்துபோச்சு. இந்த வருஷம் அதைத் திரும்பக் கொண்டு வரலாம், நம்ம பாரம்பரியம் இல்லையான்னு தம்பி எல்லாருக்கும் கடிதம் போட்டார். முதலாளிக்குப் போன இலையுதிர் காலத்துல வலது தோள்ல ஆபரேஷன் ஆச்சு. காபிக் கோப்பையை இடது கையாலதான் தூக்கறார். அது தம்பிக்கும் தெரியும்.

திங்கட்கிழமை முதலாளிகிட்ட போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். ரப்பர் தரையைப் பத்தியும் சொன்னேன். அவர் பதறலை. எத்தனை தடிமன்னு கேட்டார். நாலு சென்டிமீட்டர்னேன். வெளியே கதவு சுத்தி வர்ற இடத்துல பூராவுமான்னு கேட்டார். திறந்து நிக்கற கதவை ஒட்டி ரெண்டு சாண் தவிர பூராவும்னேன். கீலுக்கு கிரீஸ் வெச்சியான்னு கேட்டார். எனக்குக் கோபம் வந்துடுச்சு. ஒன்பது வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை, மூடவே முடியாத கதவுக்கு கிரீஸ் வெச்சிருக்கேன் முதலாளி, என்னைப் பார்த்தா கேக்கறீங்கன்னேன்.

"சரி, கோவிச்சுக்காதே. தரையைப் பத்தி வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே," என்றார். "சாயங்காலம் ஒரு மணி நேரம் நிலவறைச் சாவியைக் கொடு."

கொடுத்தேன். மறுநாள் காலையில பெருக்கப் போனப்ப, கதவோட கீழ்ப்பிடி மட்டும் பளபளன்னு துடைச்சிருந்துச்சு. மேல்பிடியில தூசி அப்படியே இருந்துச்சு. வயசானவர், குனிஞ்சவர் நிமிர மறந்துட்டார் போலன்னு நினைச்சுக்கிட்டு மேல்பிடியை நான் துடைச்சேன்.

வியாழக்கிழமை வந்துச்சு. மார்ச் மாசம், ஏரியில இன்னும் ஐஸ். வியாழன்னா பட்டாணி சூப்பு, அதை மாத்தினா இந்த ஊர்ல கலகம் வந்துடும். ரெண்டு பெரிய பாத்திரத்துல சூப்பும், கடுகுத் துவையலும், அடுப்புல வாட்டின அப்பமும் நிலவறைக்குள்ள கொண்டு வெச்சேன். சொந்தக்காரங்க எடை தூக்கற பெஞ்சுலயும் நின்ன இடத்துலயே ஓட்டற சைக்கிள்லயும் உக்காந்தாங்க. ஹென்ரிகே அம்மாவுக்கு ஒரு பெரிய ரப்பர் பந்துதான் கிடைச்சுது. கெர்த்து அம்மா சக்கர நாற்காலியில வந்து, வந்த உடனே காதுல இருக்கற கருவியை அணைச்சுட்டாங்க. கூட்டம்னா அவங்களுக்குத் தூங்கற நேரம்.

முதலாளி வந்தார். கம்பளிச் சட்டை, இடுப்புல எப்பவும் இருக்கற கத்தி. அது இல்லாம அவர் கல்யாணத்துக்குக் கூடப் போக மாட்டார். தம்பி எழுந்து அந்த விதியை உரக்கப் படிச்சார். படிச்சு முடிச்சு, மாமாவுக்குக் கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிடலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னார். குரல்ல தேன் வழிஞ்சுது.

"நாற்காலி அடுத்து உனக்குத்தானே வரப்போகுது," என்றார் முதலாளி. "முதல்ல நீ மூடிக் காட்டுடா. பார்த்துக் கத்துக்கறேன்."

மறுக்க முடியுமா? வருஷா வருஷம் தொண்ணூறு கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடற ஆளு. கோட்டைக் கழட்டினார், கையை மடக்கி விட்டுக்கிட்டார், வெளியே நீட்டியிருந்த கதவோட மேல்பிடியைப் பிடிச்சு இழுத்தார். கதவு அழகா வந்துச்சு. ரெண்டு சாண் வந்துச்சு. ரப்பர் விளிம்புல முட்டிக்கிட்டு நின்னுச்சு. தம்பி திரும்ப இழுத்தார். காலை உதைச்சுக்கிட்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைச்சுது, முகம் பீட்ரூட் ஆச்சு. கதவு செய்யற கம்பெனியோட சொந்தக் கதவு, வாங்க வந்தவங்க கண்ணு முன்னாடி, மூடலை.

யாரும் சிரிக்கலை. சைக்கிள்ல உக்காந்திருந்த, முதலாளியோட சித்தப்பா மகன் ஒருத்தர் மட்டும் தெரியாம ஒரு மிதி மிதிச்சார், அது கிர்ருன்னுச்சு. இங்க தரை யார் போட்டதுன்னு ஹென்ரிகே அம்மா மெதுவா கேட்டாங்க. தம்பி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதலாளி வெளியே போனார். கதவு சுத்தி வர்ற வட்டத்தோட அந்தக் கோடியில மெதுவா மண்டி போட்டார். கத்தியை எடுத்து ரப்பரை அறுக்க ஆரம்பிச்சார். இடது கையால. உதவிக்கு ரெண்டு பேர் எழுந்தாங்க, வேணாம்னு கத்தியை ஆட்டினார். சுவர்ல ஆரம்பிச்சு, வளைச்சு வளைச்சு, வாசப்படி பக்கமா நகர்ந்து நகர்ந்து அறுத்தார். இருபது நிமிஷம் ஆச்சு. சூப்பு ஆறுதேன்னு எனக்குக் கவலை, அவரோட மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குதேன்னு அதைவிடப் பெரிய கவலை. கடைசித் துண்டை அறுத்து எடுத்து வெளியே வீசினப்ப அவர் வாசப்படிக்கு இந்தப் பக்கம், உள்ள இருந்தார்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியலை. இன்னொரு தடவை கையை ஊனிப் பார்த்தார். முட்டி பிடிச்சுக்கிச்சு. அப்படியே பின்னால சரிஞ்சு தரையில உக்காந்துட்டார்.

தரையில உக்காந்த மனுஷன் எப்படிக் கதவு மூடுவார்? நாப்பத்தொரு வருஷம் காப்பாத்தின கம்பெனி ஒரு முட்டியில போச்சேன்னு நினைச்சேன். நான் கிட்டப் போனேன். தம்பி என்னைக் கையால தடுத்தார். விதிப்படி வேற யாரும் உதவக் கூடாதுன்னார். அப்புறம் குனிஞ்சு, போதும் மாமா, எழுந்துக்கோங்க, இத்தோட விட்டுடலாம்னார். இப்ப அவர் குரல்ல தேன் இல்லை, நிஜமாவே பாவமா இருந்துச்சு அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கலை.

முதலாளி தம்பியை நிமிர்ந்து கூடப் பார்க்கலை. ரெண்டு காலையும் நீட்டி, வாசப்படியில பாதத்தை முட்டுக் கொடுத்தார். இடது கையை வெளியே விட்டு, முட்டி உயரத்துல இருந்த கீழ்ப்பிடியைப் பிடிச்சார். பிடிச்சுக்கிட்டு, தூங்கப் போறவர் சாயற மாதிரி, பின்னால சாய்ஞ்சார். அவ்வளவுதான். தோளே வேணாம், உடம்பு எடை போதும். அறுநூறு கிலோ கதவு சத்தமே இல்லாம வந்து சட்டத்துல உக்காந்துச்சு. என் கிரீஸ் ஐயா அது, என் கிரீஸ். பிடியைத் திருப்பினார். மேலயும் கீழயும் ஒரே நேரத்துல டக்குன்னு பூட்டிக்கிச்சு. எல்லார் காதும் லேசா அடைச்சுது.

"எங்க அப்பாவுக்குச் சண்டையில கால் போனப்ப வயசு இருபத்திரண்டு," என்றார் முதலாளி தரையில இருந்தபடியே. "ஓடி வந்து கதவு மூடறவன் எந்தக் கதவையும் மூடிடுவான்டா. நின்னுக்கிட்டு மூட முடியாதவனுக்காகத்தான் நம்ம கதவு. கூட்டம் ஆரம்பிக்குது. மார்கெத்தா, சூப்பு ஊத்து."

ஊத்தினேன். தலைவர் தரையில உக்காந்தே கூட்டம் நடத்தினார். யாருக்கும் ஃபோன் வேலை செய்யலை, அந்தச் சுவருக்குள்ள எந்த ஃபோனும் வேலை செய்யாது. கதவு எப்பத் திறக்கும்னு ஹென்ரிகே அம்மா கேட்டாங்க. ஓட்டு முடிஞ்சதும்னார் முதலாளி. அந்தம்மா பந்துல இருந்து இறங்கி, சாம்பல் கோட்டோட தரையில உக்காந்து, கீழ்ப்பிடியைப் பிடிச்சு லேசா அசைச்சுப் பார்த்தாங்க. அப்புறம் நோட்டுல கீழ்ப்பிடியைத் தூக்கினா அரை நாள் மிச்சம்னு எழுதியிருந்ததை அடிச்சாங்க. தனக்கு வீட்டுல ஒரு கதவு வேணும், எவ்வளவு நாள் காத்திருக்கணும்னு என்கிட்ட ரகசியமா விசாரிச்சாங்க. ஏழு வருஷம்னேன். உங்க நீண்ட காலத்தைவிட ரெண்டு வருஷம் கூடன்னு சேர்த்துச் சொன்னேன்.

வயசு வரம்புத் தீர்மானம் வந்துச்சு. தம்பி கையில காகிதம் இருந்துச்சு, குரல் இல்லை. மெல்ல வாசிச்சார். அப்பத்தான் கெர்த்து அம்மா காதுக் கருவியைப் போட்டாங்க. அவங்க தூங்கவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தன் கூடப்பிறந்த ஆர்னோ தரையில உக்காந்திருக்கறதையும், மகன் பீட்ரூட் முகத்தோட நிக்கறதையும் மாறி மாறிப் பார்த்தாங்க.

"எழுபத்தஞ்சுக்கு மேல கூடாதுன்னு எழுதியிருக்கியாடா?" என்று மகனைக் கேட்டாங்க. "எனக்கு அது பிடிக்கலை. எழுபத்தஞ்சு ஆகாதவன் தலைவராகக் கூடாதுன்னு மாத்து. மார்கெத்தா, எழுதிக்கோ."

"அம்மா," என்றார் தம்பி, "அதுக்கு எனக்கு இன்னும் பதினேழு வருஷம் இருக்கு."

"இருக்கட்டுமே. ஆர்னோ முப்பது வருஷம் காத்திருந்தான். நீ அதுல பாதிதான்."

முதல்ல சைக்கிள்ல இருந்தவர் சிரிச்சார். அப்புறம் எல்லாரும். விக்கலாம்னு அரிச்சுக்கிட்டிருந்த ஆளுங்களே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. கையைத் தூக்கச் சொன்னா முப்பத்தொண்ணுல இருபத்தாறு கை. தீர்மானம் நிறைவேறிச்சு. விக்கற பேச்சை யாரும் எடுக்கவே இல்லை. அப்பத்தோட ஜாம் போதலைங்கறதுதான் அன்னிக்கு மிச்சமிருந்த ஒரே சண்டை.

கதவைத் திறந்ததும் முதலாளியைத் தூக்கி விட்டது யாருங்கறீங்க? இல்க்கா தம்பிதான். ரெண்டு கையையும் அக்குள்ல கொடுத்து, நிக்க வெச்சார். மாமாவோட முட்டியில ஒட்டியிருந்த ரப்பர் தூளைக் கூடத் தட்டி விட்டார். அப்புறம் என் கிட்ட வந்து, அந்தக் கடிதங்களோட நகல் உங்ககிட்ட இருக்கா அக்கான்னு கேட்டார். என் ஏப்ரன் பையிலயே இருந்துச்சு. நின்னுக்கிட்டே மூணையும் படிச்சார். படிக்கும்போது காது சிவந்துச்சு. அந்த மனுஷன் மேல எனக்கு இருந்த கோபத்துல பாதி அங்கயே போச்சு. மீதியை வெச்சிருக்கேன், தேவைப்படும்.

சாயங்காலம் வெளிச்சம் போறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க ஏரிக்கரை நீராவிக் குளியலுக்குப் போனாங்க. நான் துண்டும் வாட்டின சாசேஜும் எடுத்துக்கிட்டுப் போனேன். குளியலறைக் கதவு திறந்துச்சு. ஆர்னோ முதலாளி மேலெல்லாம் ஆவி பறக்க, இடுப்புல ஒரு துண்டோட, ஐஸ்ல வெட்டி வெச்சிருக்கற குழியைப் பார்த்துப் படியிறங்கினார். பதினோரு படி. கைப்பிடியைத் தொடலை. கழுத்து வரைக்கும் முங்கி, எழுந்து, குழியை விட்டு மேல ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும்தான் ஒரு காலை லேசா இழுத்தார்.

நான் துண்டைக் கொடுக்கலை. பின்னால ஒளிச்சுக்கிட்டேன். பளபளன்னு துடைச்ச கீழ்ப்பிடியும், தூசி படிஞ்ச மேல்பிடியும் அந்த நிமிஷம் எனக்கு ஞாபகம் வந்துச்சு. நான் அழுகற நிலைமைக்கு வந்தேனே முதலாளி, முட்டி நிஜமாவே பிடிச்சுக்கிச்சா இல்லையான்னு கேட்டேன்.

அவர் பல்லு கிடுகிடுங்க நின்னார். சிரிப்பை அடக்கறாரா குளிரை அடக்கறாரான்னு தெரியலை.

"பிடிச்சது நிஜம்தான் மார்கெத்தா. வருஷக்கணக்கா பிடிக்குது," என்றார். "எந்த இடத்துல பிடிக்கணும்கறதை மட்டும் நான் திங்கட்கிழமையே முடிவு பண்ணிட்டேன்."

துண்டைக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டுத் திரும்பிப் படியேறினார். இந்தத் தடவை கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனார், நான் பார்க்கறேன்னு தெரியாம.